சில்லறை

அந்தோஃபகாஸ்தாவில் மழை
காலண்டரில் வட்டமிட்டு வைக்கும் சம்பவம்.
வெயிலுக்குத்தான் பஞ்சமே இல்லை.
மதியம் பேருந்துக்கு நின்றால் கன்னம் கன்றிவிடும்,
கண்ணுக்குத் தெரியாத யாரோ
ஊதாவுக்கு அப்பாலிருந்து அறைந்ததுபோல.

அந்த அறையைத்தான் மின்சாரமாக்கப் பார்க்கிறோம்
மூன்றாம் மாடியில்
நானும் நோல்பெர்த்தோவும்
இருமிக்கொண்டே ஓடும் ஒரு பழைய பம்பும்.

சிலிக்கான் தகட்டை அமிலத்தில் அரித்தால் கருத்துப்போகும்.
நுண்ணோக்கியில் பார்த்தால் காடு.
கம்பிகள், ஒரு தலைமயிரின் அகலத்துக்குள்
நானூறு நிற்கும்.
உள்ளே போன சிவப்பும் பச்சையும்
திரும்பும் வழி தொலைத்து
அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடும்.

புற ஊதா அப்படியல்ல. அவசரக்காரன்.
கம்பியின் நுனித்தோலிலேயே இறங்கிவிடுவான்.
அங்கே பிறக்கிற எலக்ட்ரான்
தோலைத் தாண்டும் முன்பே செத்துப்போகும்.
அத்தனை பெரிய கை,
வந்து சேர்வது வெறுங்கை.

என் அக்கா ரோசால்பா
ஒயாகுவே எல்லையில் பணம் மாற்றுகிறாள்.
ஒரு குடை, ஒரு மடக்கு நாற்காலி,
மடியில் கால்குலேட்டர்,
கள்ளநோட்டு பார்க்க ஓர் ஊதா டார்ச்.
பெரிய நோட்டோடு பேருந்து இறங்குபவனுக்கு
எதிர்க் கடையில் ரொட்டிகூடக் கிடைக்காது.
சில்லறை இல்லை என்று
கடைக்காரர் தலையைக்கூடத் தூக்காமல் சொல்வார்.
அக்காவிடம் வந்தால் எச்சில் தொட்டு எண்ணி
தன் பங்கை முந்தியில் ஒதுக்கி
மீதியைத் தருவாள்.

எங்கள் கம்பிக்காடும் ஒரு பெட்டிக்கடைதான்.
அதன் வாசலில் உட்கார ஒரு ரோசால்பா வேண்டும்.

சீசியம், ஈயம், புரோமின்.
மூன்றும் கூடிய பெரோவ்ஸ்கைட் துணுக்குகள்,
கண்ணுக்கு வெறும் மஞ்சள் கலங்கல்.
அக்காவிடம் இரவல் வாங்கிய டார்ச்சை அடித்தால்
கிளிப்பச்சை!
ஊதாவை விழுங்கிப் பச்சையாகக் கொடுக்கிறது;
கமிஷன் கொஞ்சம் வெப்பம்.

"ஈயமா?" என்றுதான் அக்கா முதலில் கேட்டாள்.
ஈயம்தான்.
கையுறை போடுகிறோம், கண்ணாடிக்குள் பூட்டுகிறோம்.
"கண்ணாடி உடைந்தால்?"
அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

ஜூலையில் ஒரு ராத்திரி
கடலிலிருந்து கமஞ்சாகா ஏறி வந்தது,
சுவரைத் தடவிக்கொண்டு வரும் மூடுபனி.
யாரோ ஜன்னலைத் தாழிடவில்லை.
யாரோ என்றால் நான்.

காலையில் பதினொரு வில்லைகளும்
பால் திரிந்ததுபோல் வெளிறிக் கிடந்தன.
டார்ச் அடித்தேன். இருட்டு.
மறுபடி அடித்தேன்.
நோல்பெர்த்தோ திட்டவில்லை.
"உலகத்திலேயே காய்ந்த பாலைவனத்தில்
ஈரத்தால் செத்தவை," என்று பெட்டியின் மேல் எழுதினான்.
திட்டியிருக்கலாம்.

ஏன் அளந்தேன் என்று தெரியவில்லை.
வெட்கமாக இருக்கலாம்,
குப்பையில் போடுமுன் நோட்டேட்டில்
ஒரு வரிசை நிரப்பிவிடும் பழக்கமாக இருக்கலாம்.

பூச்சே இல்லாத கம்பிகள்: ஒன்பது புள்ளி நான்கு.
ஒளிரும் பூச்சு: பத்து புள்ளி ஒன்று,
இதைத்தான் இரண்டு மாதமாக
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.
செத்த பூச்சு:
ஒன்பது புள்ளி எட்டு.

மூன்று முறை கம்பி இணைப்பை மாற்றிப் பார்த்தேன்.
ஒன்பது புள்ளி எட்டு.

அதாவது,
நாங்கள் மார்தட்டிய லாபத்தில் பாதிக்கு மேல்
ஒளிர்வால் வந்ததல்ல.
ஒரு படலம் மேலே சும்மா படுத்திருந்ததால்
எதிரொளித்து ஓடும் வெளிச்சம்
கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான்.
கள்ளநோட்டு,
ஆனாலும் கடை வாங்கிக்கொண்டது.

நோல்பெர்த்தோ பம்பை நிறுத்தினான்.
அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து
நான் பார்த்ததே இல்லை.
"இதை எழுதினால்
நம்முடையது புள்ளி மூன்றுதான்," என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து
அவனே தட்டச்சுப் பலகையை என் பக்கம் தள்ளினான்.

இரவு அக்காவுக்குப் போன் செய்தேன்.
காற்றில் குடை படபடப்பது கேட்டது,
அல்லது அவள் நோட்டு எண்ணுவது.
"நூற்றுக்குப் புள்ளி மூன்றுதான் மிஞ்சியது, அக்கா."
"எனக்கும் சில நாள் அவ்வளவுதான்," என்றாள்.
"டார்ச்சை எப்போது திருப்பித் தருவாய்?"

ஜன்னலைத் தாழிட்டேன்.
பாதிப் படியில் நின்று
திரும்பப் போய் இழுத்துப் பார்த்தேன்.